கழுவக் கழுவ மறைந்த அதிசய நீர்



சென்ற ஆண்டு ஒரு நாள், மேனிலை வகுப்பு மாணவிகள் நம் ஆய்வுக் கூடத்தில் நுண்புழை ஏற்றச் சோதனையைச் செய்துகொண்டிருந்தனர். மிகச் சிறிய துளையுடைய கண்ணாடிக் குழாயை நுண்புழைக் குழாய் என்கிறோம். அதனை நீரில் செங்குத்தாக நிறுத்தினால், நீர் தானாகவே குழாய்க்குள் ஏறி நிற்கும். ஏறிய உயரத்தை நகரும் நுண்ணோக்கியால் அளந்து, நீரின் பரப்பு இழுவிசையைக் கணக்கிட வேண்டும். மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லி நியூட்டன் என்பது புத்தகத்தில் உள்ள விடை.

வகுப்பு முடிந்ததும் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தேன். 71, 72, 73 என்று அழகான விடைகள். ஒரே ஒரு மாணவி மட்டும் 58 என்று எழுதிவிட்டுக் கண் கலங்க நின்றாள். "மூன்று தடவை செய்து பார்த்தேன் டீச்சர், 58தான் வருகிறது" என்றாள். எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. பக்கத்து மேசையிலிருந்த குழாயை எடுத்து நானே அளந்து பார்த்தேன். 60 வந்தது. அந்த மேசைக் குறிப்பேட்டிலோ 72 இருந்தது! அழிப்பான் தேய்த்த தடம் தாளில் நன்றாகவே தெரிந்தது.

குறை குழாயில் இருந்தது. பலருடைய விரல் பட்டுப் பட்டு அதில் எண்ணெய்ப் பசை ஏறியிருந்தது. காஸ்டிக் சோடாக் கரைசலாலும், பின்னர் நைட்ரிக் அமிலத்தாலும், இறுதியில் காய்ச்சி வடித்த நீராலும் கழுவி மீண்டும் அளந்தோம். விடை 70க்கு உயர்ந்தது. உண்மையை எழுதிய அந்த ஒரு குறிப்பேடு இல்லையென்றால், குழாய் அழுக்காக இருப்பதே எங்களுக்குத் தெரிந்திராது.

அன்று அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். நுண்புழைக் குழாயும், விரல் அழுக்கும், விடையைப் பற்றிய ஆசையும் சேர்ந்து உலகின் பெரிய ஆய்வுக் கூடங்களையே சில ஆண்டுகள் மயக்கி வைத்திருந்த உண்மைக் கதை அது. மற்ற மாணவிகளும் பெற்றோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

வோல்கா நதிக்கரையில் தொடக்கம்

மாஸ்கோ நகருக்கு வடகிழக்கே, வோல்கா நதிக்கரையில் கோஸ்த்ரோமா என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்த ஒரு தொழில்நுட்பக் கழகத்தில் நிக்கலாய் ஃபெத்யாகின் என்பவர் பணியாற்றி வந்தார். 1960-களின் தொடக்கத்தில் அவர் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் நீரை அடைத்து, இரு முனைகளையும் மூடி வைத்துக் கவனித்து வந்தார். நாட்கள் செல்லச் செல்ல, குழாயின் நடுவிலிருந்த நீர்த்தம்பம் சிறிது குறைந்தது. முனைகளின் பக்கம் புதிதாகச் சிறு நீர்த்தம்பங்கள் தோன்றி மெல்ல வளர்ந்தன.

ஒரே குழாயில் இருப்பது ஒரே நீர்தானே? அப்படியிருக்க ஓரிடத்து நீர் ஆவியாகி, மற்றோரிடத்தில் ஏன் படிய வேண்டும்? புதிதாகத் தோன்றிய நீரின் ஆவி அழுத்தம் சாதாரண நீரினுடையதைவிடக் குறைவு என்பது ஃபெத்யாகினுக்குப் புலனாயிற்று. அதன் அடர்த்தியும் அதிகமாக இருந்தது.

இச்செய்தி மாஸ்கோவிலிருந்த போரிஸ் தெர்யாகினுக்கு எட்டியது. இவர் சாதாரண மனிதர் அல்லர். சோவியத் அறிவியல் கழகத்தின் இயற்பிய வேதியியல் நிறுவனத்தில் பரப்பு விசைகளை ஆராயும் பிரிவுக்குத் தலைவர். பாலும் சாயமும் சேறும் போன்ற கலவைகளில் நுண்துகள்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கின்றன என்பதை விளக்கும் கொள்கையை 1941-ஆம் ஆண்டிலேயே லாந்தாவ் என்பவருடன் சேர்ந்து வகுத்தவர். அக்கொள்கையை இன்றும் கல்லூரிகளில் கற்பிக்கின்றனர். அத்தகையவர் இந்தப் புதிய நீரைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

தெர்யாகினின் குழுவினர் தலைமயிரைவிட நுண்ணிய குவார்ட்ஸ் குழாய்களைப் புதிதாக இழுத்துச் செய்தனர். அவற்றைக் காற்று நீக்கிய கலத்தில் வைத்து, நீராவியை மட்டும் உள்ளே விட்டனர். அந்த நீராவியும் செறிவு நிலைக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. சாதாரண நீர் அந்நிலையில் துளியாகப் படியாது. ஆயினும் சில குழாய்களில் ஒரு திரவம் படிந்தது. அது அதிசயமான திரவமாக இருந்தது.

என்ன அதிசயம்?

சாதாரண நீரின் குணங்களை நீங்கள் அறிவீர்கள். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1 கிராம். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். 0 டிகிரியில் உறையும். உறையும்போது விரிவடைவதால்தான் பனிக்கட்டி நீரில் மிதக்கிறது.

புதிய நீரோ இவை எல்லாவற்றிலும் மாறுபட்டது. அதன் அடர்த்தி 1.4 வரை இருந்தது. அதன் பாகுநிலை சாதாரண நீரைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு. அதாவது சர்க்கரைப் பாகு போல் மெதுவாக ஓடியது. 100 டிகிரியில் அது கொதிக்கவில்லை. 0 டிகிரியில் உறையவும் இல்லை. வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே சென்ற பிறகு பனிக்கட்டியாகாமல் கண்ணாடி போல் இறுகியது.

இதற்கு என்ன விளக்கம்? நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் மெல்லிய பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டுள்ளன. இப்பிணைப்புகள் கணந்தோறும் அறுந்து, கணந்தோறும் புதிதாகச் சேரும். குவார்ட்சின் பரப்பைத் தொட்டதால் நீர் மூலக்கூறுகள் புதிய முறையில் அணிவகுத்து, உறுதியான சங்கிலிகளாகவும் வலைகளாகவும் பிணைந்துவிட்டன என்று விஞ்ஞானிகள் கருதினர். நீருக்கு இப்படி ஒரு மறைந்த உருவம் உண்டென்றால், வேதியியல் புத்தகங்களையே திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

ஆனால் ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். இவ்வளவு புகழ் பெற்ற அந்தத் திரவத்தை ஒருவரும் ஒரு தேக்கரண்டி அளவுகூடக் கண்டதில்லை. ஒரு குழாயில் கிடைத்தது கண்ணுக்குத் தெரியாத அளவு. எல்லாக் குழாய்களிலும் அது தோன்றவும் இல்லை. ஏன் சிலவற்றில் மட்டும் தோன்றுகிறது என்பதற்கு எவரிடமும் விடை இல்லை.

மேலை நாடுகளில் பரபரப்பு

1966-ஆம் ஆண்டு தெர்யாகின் இங்கிலாந்தில் நடந்த ஒரு விஞ்ஞானக் கூட்டத்தில் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். அதன் பின்னர் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலர் இந்த நீரைச் செய்ய முனைந்தனர். லண்டனில் பேராசிரியர் பெர்னாலின் ஆய்வுக் கூடமும் இதில் ஈடுபட்டது.

1969-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்லிஸ் லிப்பின்காட், தேசிய அளவைத் தர நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்ட்ராம்பர்க் ஆகியோரின் குழு அதனை எழுதியிருந்தது. அவர்கள் அத்திரவத்தின் அகச்சிவப்பு நிறமாலையையும் ராமன் நிறமாலையையும் எடுத்திருந்தனர்.

நிறமாலை என்பது ஒரு பொருளின் கைரேகை போன்றது. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் நேரும் மாற்றத்தைக் கொண்டு அதன் மூலக்கூறுகளை அடையாளம் காணும் முறையை 1928-ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்தவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன். அந்த ராமன் விளைவே நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இந்த வழக்கிலும் சாட்சியாக அழைக்கப்பட்டது.

புதிய திரவத்தின் நிறமாலை சாதாரண நீரின் நிறமாலையை ஒத்திருக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த வேறு எப்பொருளையும் ஒத்திருக்கவில்லை என்றும் அக்குழுவினர் கூறினர். எனவே நீர் மூலக்கூறுகள் பல இணைந்த ஒரு பாலிமர் இது என முடிவு செய்து, 'பாலிவாட்டர்' என்று பெயரும் சூட்டினர்.

பெயர் கிடைத்ததும் பரபரப்பு பெருகியது. செய்தித்தாள்கள் எழுதின. அமெரிக்க ராணுவத் துறை ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. சோவியத் நாடு முந்திவிடக் கூடாதே என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. அதே 1969-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி டொனஹோ என்பவர் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய கடிதத்தில் ஓர் அச்சத்தை வெளியிட்டார். இந்த நீர் வெளியே தப்பிவிட்டால், சாதாரண நீரையெல்லாம் தன்னைப் போல் மாற்றிவிடக்கூடும். கடல்களும் ஆறுகளும் பாகாகி உயிரினங்கள் அழியக்கூடும் என்று எச்சரித்தார். வேறு சிலர் உடனே அதனை மறுத்தனர். அப்படி எளிதில் பரவக்கூடியதாயின் இத்தனை கோடி ஆண்டுகளில் இயற்கையே கடல்களை மாற்றியிருக்குமே என்று கேட்டனர்.

ஐயம் கொண்டவர்களும் தொடக்கம் முதலே இருந்தனர். கலிபோர்னியாவின் பெர்க்லியில் வாழ்ந்த முதுபெரும் வேதியியல் அறிஞர் ஜோயல் ஹில்டிபிராண்ட் அவர்களுள் ஒருவர். இந்த நீர் தம் தொண்டையில் இறங்கவில்லை என்னும் பொருள்பட 1970-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழுக்கு வேடிக்கையாக எழுதினார்.

மீண்டும் செய்து பார்த்தவர்கள்

விஞ்ஞானத்தில் ஒரு நியதி உண்டு. ஒருவர் கண்டதாகச் சொல்வதை, வேறொருவர் வேறோர் இடத்தில் செய்து பார்த்தாலும் காண வேண்டும். பாலிவாட்டரைச் செய்ய முயன்ற பலருக்கு எதுவுமே கிடைக்கவில்லை. தங்கள் கைத்திறன்தான் போதவில்லை போலும் என்று எண்ணி அவர்களுள் பலர் வாளாவிருந்தனர். கிடைத்தவர்களுக்கோ அடர்த்தி ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு வேறொன்று. "உங்கள் நீரில் மாசு இருக்கிறது, எங்கள் நீர் தூயது" என்ற பதில் திரும்பத் திரும்ப வந்தது. இத்தனை நுண்ணிய அளவை வைத்துக்கொண்டு யாருடைய நீர் தூயது என்று எப்படித் தீர்ப்பது?

அமெரிக்காவில் டெனிஸ் ரூசோ, செர்ஜியோ போர்ட்டோ என்னும் இருவர் இக்கேள்வியை நேராக எதிர்கொண்டனர். அவர்கள் ராமன் நிறமாலை எடுப்பதற்காகத் தாங்கள் செய்த பாலிவாட்டரின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சினர். அது கருகிப் போயிற்று! நீர் ஆவியாகலாம், ஆனால் கருகுமா? சோறு கருகும், சர்க்கரை கருகும், துணி கருகும். ஏனெனில் அவற்றில் கார்பன் உண்டு. நீரில் கார்பன் ஏது?

பின்னர் அவர்கள் அத்திரவத்தை வேதியியல் முறையில் பகுத்துப் பார்த்தனர். சோடியம், குளோரின், சல்ஃபேட் போன்றவை அதில் ஏராளமாக இருந்தன. 1970-ஆம் ஆண்டு அவர்கள் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, பாலிவாட்டர் என்பது பாலிமரா அல்லது சோதனையில் நேர்ந்த கோளாறா என்று தலைப்பிலேயே வினவியது.

அந்தக் கைரேகை யாருடையது என்பதே மிஞ்சிய கேள்வி. ரூசோ ஒரு நாள் கைப்பந்து போன்ற ஒரு விளையாட்டை வியர்க்க விறுவிறுக்க ஆடிவிட்டு வந்தார். தம் பனியனைப் பிழிந்து, அந்த வியர்வையின் அகச்சிவப்பு நிறமாலையை எடுத்தார். அதனைப் பாலிவாட்டரின் நிறமாலையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன! 1971-ஆம் ஆண்டு சனவரியில் இந்த ஒப்பீடு வெளியாயிற்று. உலகம் வியந்த புதிய நீரில் இருந்தது மனிதனின் வியர்வையில் இருக்கும் உப்பும் லாக்டேட்டும் என்று அது காட்டியது. சோவியத் நாட்டிலேயே தெர்யாகினின் மாதிரிகளைப் பகுத்தாய்ந்தவர்களும் அவற்றில் கொழுப்பு வகைப் பொருள்களைக் கண்டனர்.

வேறு பலரும் குழாய்களை மேலும் மேலும் கவனமாகச் சுத்தம் செய்தனர். சுத்தம் கூடக் கூட, கிடைத்த திரவம் குறைந்தது. மிக நன்றாகச் சுத்தம் செய்தபோது ஒன்றுமே கிடைக்கவில்லை.

மாணவிகளே, இந்த இடத்தைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். உண்மையான ஒரு பொருள், சோதனையை எவ்வளவு சுத்தமாகச் செய்கிறோமோ அவ்வளவு தெளிவாகத் தெரிய வேண்டும். சுத்தம் செய்யச் செய்ய மறையுமானால், நாம் கண்டது அழுக்கையே அன்றிப் பொருளை அன்று.

உப்புச் சாடி சொல்லும் விளக்கம்

அப்படியானால் அந்த அதிசயக் குணங்கள் எல்லாம் பொய்யா? இல்லை, அளவுகள் பொய்யல்ல. அவற்றுக்குச் சொன்ன காரணமே தவறு. இதனை உங்கள் வீட்டு உப்புச் சாடியே விளக்கிவிடும்.

மழைக்காலத்தில் உப்புச் சாடியைத் திறந்து வைத்தால் உப்பு கசிந்து ஈரமாகிறது. பக்கத்திலுள்ள வெறும் தட்டோ உலர்ந்தே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் சென்றால், சாதாரண உப்பு நீராவியைத் தன்பால் இழுத்துக் கரையத் தொடங்கும். காரணம் இதுதான். நீரில் உப்பு கரைந்திருந்தால், நீர் மூலக்கூறுகள் வெளியேறும் வேகம் குறைகிறது. ஆகவே ஆவி அழுத்தம் குறைகிறது. காற்றிலிருந்து வந்து சேரும் மூலக்கூறுகள் வெளியேறுவனவற்றைவிட மிகுதியாகி, நீர் சேர்ந்துகொண்டே போகிறது. இது ரவுல்ட் விதி என்று உங்கள் வேதியியல் பாடத்தில் உள்ளது.

குவார்ட்ஸ் குழாயிலும் நடந்தது இதுவே. குழாயில் எங்கே சிறிது உப்போ, வியர்வையோ, கரையும் சிலிக்காவோ இருந்ததோ அங்கே, செறிவு நிலை எய்தாத நீராவியும் படிந்தது. எல்லாக் குழாய்களிலும் அது தோன்றாததற்குக் காரணமும் இப்போது விளங்குகிறது. அழுக்கு இருந்த குழாயில் தோன்றியது. இல்லாத குழாயில் தோன்றவில்லை.

மற்றக் குணங்களையும் பாருங்கள். உப்புக் கரைசலின் அடர்த்தி நீரினதைவிட அதிகம். அடர்ந்த கரைசல் பாகு போல் ஓடும். அதன் கொதிநிலை உயரும், உறைநிலை தாழும். பாலிவாட்டரின் பெருமைகள் யாவும் ஓர் அடர்ந்த கரைசலின் குணங்களே. புதிய இயற்கை விதி எதுவும் தேவைப்படவில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம். மழை நாளில் இரண்டு சிறு தட்டுகளை நன்கு கழுவித் துடைத்து உலர்த்துங்கள். ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பு இடுங்கள். மற்றதை வெறுமையாக விடுங்கள். இரண்டையும் இரவு முழுவதும் சன்னலோரம் வைத்துக் காலையில் பாருங்கள். வெறும் தட்டை ஏன் வைக்கச் சொன்னேன் என்பதைச் சிந்தியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாத சோதனை, ஒரே தட்டுடைய தராசு போன்றது.

தவற்றை ஒப்புக்கொண்ட அறிஞர்

தெர்யாகின் நெடுநாள் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பத்தாண்டுக் காலம் உழைத்த உழைப்பு அல்லவா? உலகப் புகழும் சேர்ந்திருந்தது. ஆயினும் அவர் சோதனையை நிறுத்திவிடவில்லை. மாசுகளைப் பற்றி மேலும் ஆராய்ந்தார். இறுதியில் 1973-ஆம் ஆண்டு, சுராயெவ் என்னும் தம் சக ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்த நீரின் விந்தைக் குணங்களுக்குக் காரணம் அதில் கரைந்திருந்த மாசுகளே. நீரின் புதிய வடிவம் அன்று என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இதனால் அவர் பெயர் அழிந்துவிட்டதா? இல்லை. 1994-ஆம் ஆண்டில் மறையும்வரை அவர் மதிப்புக்குரிய விஞ்ஞானியாகவே வாழ்ந்தார். அவருடைய பழைய கொள்கை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. தவறு செய்ததற்காக அல்ல, தவற்றை மறைத்ததற்காகவே விஞ்ஞான உலகம் ஒருவரைத் தள்ளிவைக்கும்.

உலோகத்தின் அருகே நீர்

இக்கதை 1973-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பரப்புகளின் அருகே நீர் புதிய வடிவம் கொள்கிறதா என்ற கேள்வி, இந்த நூற்றாண்டிலும் வேறு உருவில் எழுந்தது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் பொல்லாக் என்பவரின் குழு 2003-ஆம் ஆண்டு முதல் இதுபற்றி எழுதலாயிற்று. நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளை நீரில் கலந்து, அதில் நேஃபியான் என்னும் பிளாஸ்டிக் தகட்டையோ சிலவகைக் கூழ்ப்பொருளையோ வைத்தனர். மணிகள் பரப்பை விட்டு மெல்ல விலகின. பரப்பையொட்டி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கும் அதற்கு மேலும் மணிகளே இல்லாத தெளிந்த பகுதி தோன்றியது. அதனை விலக்கு மண்டலம் என்றனர். சில உலோகப் பரப்புகளின் அருகிலும் இத்தகைய மண்டலம் தோன்றுவதாக 2012-ஆம் ஆண்டில் அக்குழு தெரிவித்தது. அப்பகுதியிலுள்ள நீர் திடமும் அல்லாத, திரவமும் அல்லாத, ஆவியும் அல்லாத ஒரு நான்காம் நிலை என்பது பொல்லாக்கின் கருத்து.

பாலிவாட்டரின் கதையைப் படித்த நாம் இப்போது என்ன கேட்க வேண்டும்? முதலில், பிறரும் இதனைக் கண்டார்களா? கண்டார்கள். நேஃபியான் அருகே மணிகள் விலகுவதைப் பல ஆய்வுக் கூடங்களில் பார்த்துள்ளனர். ஆகவே இந்தக் காட்சி பாலிவாட்டரைப் போல் முற்றிலும் அழுக்கின் வேலை அன்று. அடுத்த கேள்வி, காட்சிக்குச் சொன்ன காரணம் சரியா என்பது. இங்கேதான் விளக்கம் மாறியது.

அதே பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையைச் சேர்ந்த மைக்கேல் ஷர் என்பவர் 2013-ஆம் ஆண்டில் வேறொரு காரணத்தை எடுத்துக்காட்டினார். நேஃபியான் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனிகளை நீரில் விட்டு, நீரிலுள்ள மற்ற அயனிகளை வாங்கிக்கொள்ளும். அதனால் பரப்பின் அருகே ஓர் அளவும், தொலைவில் வேறோர் அளவுமாக அயனிகளின் செறிவு மாறுபடும். இத்தகைய ஏற்றத்தாழ்வு உள்ள நீரில் நுண்மணிகள் ஒரு பக்கமாக நகர்வது முன்பே அறியப்பட்ட செய்தி. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மணிகள் விலகும் வேகமும் தூரமும் இக்கணக்குக்கு இசைந்து வருவதைக் காட்டினர்.

துத்தநாகம் போன்ற உலோகங்களும் நீரில் சிறிது சிறிதாக அயனிகளை விடுவன. எனவே உலோகத்தின் அருகிலும், அயனிகளைக் கணக்கிட்டுப் பார்க்காமல் நீரே புது நிலை கொண்டது என்று சொல்வது முறையாகாது. பரப்பைத் தொடும் நீர் மூலக்கூறுகள் ஒழுங்குபடுவது உண்மைதான். ஆனால் அந்த ஒழுங்கு பொதுவாகச் சில மூலக்கூறு அடுக்குகளோடு, அதாவது ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தொலைவில், தேய்ந்துவிடுகிறது. விலக்கு மண்டலமோ அதைவிட நூறாயிரம் மடங்கு அகலமானது.

இன்று 'அமைப்பு மாற்றிய நீர்' என்றும் 'உயிர் நீர்' என்றும் சொல்லி விலை உயர்ந்த கருவிகளை விற்போர் உண்டு. பெற்றோர்களே, அத்தகைய ஒன்றை வாங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். விற்பவர் அல்லாத வேறு யார் இதனைச் சோதித்துக் கண்டார்? சாதாரணக் காரணம் எதுவும் இல்லை என்பதை எவ்வாறு உறுதி செய்தனர்? இவ்விரண்டுக்கும் விடை இல்லையென்றால், பணத்தைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

நமது குறிப்பேடு

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தெர்யாகின் கண்ணால் கண்டார். மற்றவர்கள் காதால் கேட்டனர். தீர விசாரித்தவர்கள் குழாயைக் கழுவினர்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. முதலில் செய்து பார்த்து ஒன்றும் கிடைக்காதவர்கள், கிடைக்கவில்லை என்பதை அன்றே எழுதி வெளியிட்டிருந்தால் பலருடைய உழைப்பும் பணமும் மிச்சமாகியிருக்கும். கிடைக்காததும் ஒரு விடையே. ஊரெல்லாம் 72 என்னும்போது 58 என்று எழுதுவதற்குத் துணிவு வேண்டும். ஆனால் அந்த 58 இல்லாமல் அழுக்கு வெளிப்படாது.

அன்று அழிப்பானைப் பயன்படுத்திய மாணவிகளை நான் கடிந்துகொள்ளவில்லை. மதிப்பெண்ணுக்காகப் புத்தக விடையை எழுதும் பழக்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் ஆசிரியைகளாகிய எங்களுக்கும் பங்குண்டு. ஆகவே அன்றிலிருந்து நம் கூடத்தில் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். இறுதி விடைக்கு மதிப்பெண் குறைவு. உண்மையான அளவீட்டுக்கும், விடை ஏன் மாறியது என்று எழுதும் விளக்கத்துக்குமே மதிப்பெண் அதிகம்.

கண் கலங்கி நின்ற அந்த மாணவியின் குறிப்பேடு இப்போதும் என் நினைவில் இருக்கிறது. அவள் 58ஐ அழிக்கவில்லை. அதன் கீழே, "குழாயைக் கழுவிய பின் 70" என்று எழுதி, இரண்டுக்கும் தேதியிட்டிருந்தாள்.